ஈரச் சாக்கின் எடை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் மனைவியைக் கேட்டால் மூக்கே கோபம்தான் என்பாள். அதிலும் எடை விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். அப்பா மிளகாய் மண்டியில் தராசு பிடித்தவர். தராசில் தப்பு என்று எவனாவது சொல்லிவிட்டால், அவன் தின்ற சோறு செரிக்காத அளவுக்குப் பேசிவிட்டுத்தான் ஓய்வேன். அப்படிப்பட்ட என் தராசு ஒரே ஒரு மனிதனுக்குத் தப்பாகக் காட்டியது. அந்தப் பழியை அவனே சுமந்தான். நானோ அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் ஒரு பாக்ஸர். நான் அந்தமானில் இருந்த காலத்தில் அந்தத் தீவுகளில் அவனுக்கு நிகராகக் கையுறை மாட்டியவன் இல்லை. இன்றைக்கு நான் பென்ஷன் வாங்கி, மூன்று வேளை சாப்பிட்டு, பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அது அவன் போட்ட பிச்சை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. முன்பே சொல்லாததற்குத்தான் கூச்சப்பட வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் போர்ட் பிளேர் படகுத்துறையை ஒட்டிய சரக்குக் கொட்டகையில் எனக்கு எடைக் குமாஸ்தா வேலை. ஹேவ்லாக், லாங் ஐலண்ட் பக்கமிருந்து படகுகளில் கொப்பரையும் பாக்கும் வரும். நிறுத்து, அடுக்கி வைத்து, மெயின்லேண்ட் கப்பல் வந்ததும் ஏற்ற வேண்டும். அங்கே வருஷத்தில் எட்டு மாதம் மழை. மழை இல்லாத நாளில் படகுக்குள் அலை அடிக்கும். காய்ந்த மூட்டை ஒன்று வந்து நான் பார்த்ததில்லை. சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்று முன்பெல்லாம் மூட்டைக்கு மூட்டை சண்டை நடக்குமாம். வங்காளி ஒன்று சொல்வார், தெலுங்கர் ஒன்று சொல்வார், மலையாளி இரண்டும் இல்லை என்பார். அத்தனையும் ஒருத்தருக்கும் ஒழுங்காக வராத ஹிந்தியில்.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். காலையில் கொட்டகை திறந்ததும் ஒரு வெறும் சாக்கைக் கடலில் முக்கி எடுத்து மேடைத் தராசின் பலகை மேல் போட வேண்டும். அந்தச் சாக்கோடு சேர்த்து முள் நேராக நிற்கும்வரை பக்கத்துத் திருகை நான் திருகுவேன். பிறகு சாக்கை எடுத்துவிடுவோம். அன்று முழுக்க எந்த மூட்டையை ஏற்றினாலும் சாக்கும் ஈரமும் தானாகக் கழிந்து, உள்ளே இருக்கும் சரக்கின் எடை மட்டும் தெரியும். கழிவது ஏறக்குறைய இரண்டு கிலோ. வந்த புதிதில் இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஒரு மாதத்தில் பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது. கை செய்யும், மனசுக்குத் தெரியாது.

நான் அப்போது பர்மனன்ட் ஆகவில்லை. தராசு தப்பு என்ற ஒரு பாக்கு வியாபாரியை நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசி, அவர் மேலிடத்துக்கு எழுதிப் போட, துறைமுகத்து சாகிப் என்னைக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார். தராசைப் பற்றி இன்னொரு புகார் வந்தால் அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்ச் சேரலாம் என்று. அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. வீட்டில் மூத்த பெண் பிறந்து ஆறு மாதம். ஊரில் எனக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. இந்த விஷயம் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவன் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த கூட்டத்தில் ஒருவன். பாட்டன் காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து ரங்கூனுக்குப் போன குடும்பம். அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டே கப்பல்காரர்களிடம் பாக்ஸிங் கற்றவன். மதராஸ் முகாமில் ஒரு வருஷம் கிடந்துவிட்டு, அந்தமானில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் பெண்டாட்டியோடு கப்பலேறி வந்துவிட்டான். எங்கள் கொட்டகையில் தினக்கூலி. பார்க்க ஒல்லி. காற்றடித்தால் பறந்து போகிற இவன் எங்கே மூட்டை தூக்குவது என்று நானே ஏளனம் செய்திருக்கிறேன்.

வந்த முதல் மாதமே ஒரு தகராறு. கிரேன் ஓட்டுகிறவன், இவனைவிட ஒரு முழம் உயரம், ஏதோ பேச்சு முற்றி இவன் மேல் கையை வீசினான். இவன் தலையைக் கொஞ்சம் நகர்த்தினான், அவ்வளவுதான். வீச்சு காற்றில் போனது. மறுபடி வீசினான், மறுபடி காற்று. ஏழெட்டு வீச்சுக்குப் பிறகு கிரேன்காரன் மூச்சு வாங்கிக்கொண்டு மூட்டை மேல் சாய்ந்து, தன்னைப் பார்த்துத் தானே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். இவன் ஒரு குத்தும் விடவில்லை. ஒரு பீடியை எடுத்து அவன் வாயில் வைத்துப் பற்ற வைத்தான். நான் அன்றைக்குத்தான் அவனைச் சரியாகப் பார்த்தேன்.

ஆகஸ்ட் பதினைந்துக்கும் ஜனவரி இருபத்தாறுக்கும் மைதானத்தில் நான்கு கம்பம் நட்டுக் கப்பல் கயிற்றைச் சுற்றிக் கட்டி பாக்ஸிங் நடத்துவார்கள். ஊரிலேயே போலீஸ் லைனில் இரண்டு ஜோடி கையுறைதான். ஒரு ஜோடி சண்டை முடிந்து கழற்றினால்தான் அடுத்த ஜோடி ஏற முடியும். துறைக்கு வந்து நிற்கிற கப்பல்களின் மாலுமிகளோடு இவனை நிறுத்துவார்கள். இவனுடைய இடது கை போவது கண்ணுக்குத் தெரியாது. எதிராளியின் தலை பின்னால் போவதுதான் தெரியும். இரண்டு வருஷத்தில் அவனை ஒருத்தரும் ஜெயிக்கவில்லை. மைதானமே ஹிந்தியில் அவனைக் கூப்பிட்டுக் கத்தும். நான் மட்டும் தமிழில் கத்துவேன், அவன் காதில் விழட்டும் என்று.

ஆனால் ஜெயித்த மறுநாள் வேலைக்கு வரமாட்டான். ஜெயித்தவனுக்கு ஊற்றிக் கொடுக்க ஆளா இல்லை? இரண்டு நாள், மூன்று நாள் போகும். அவன் பெண்டாட்டி கொட்டகை வாசலில் வந்து நின்று, பார்த்தீங்களா அண்ணே என்று கேட்பாள். கடைசியில் ஏதாவது தோட்டத்தில் படுத்துக் கிடப்பான். மேஸ்திரி இரண்டு தடவை பெயரை வெட்டினார், இரண்டு தடவையும் நான் போய்க் கெஞ்சிச் சேர்த்துவிட்டேன். கூட்டி வந்து உட்கார வைத்துத் திட்டுவேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான். ரங்கூனில் தன்னை மதிக்க வைத்த ஒரே விஷயம் இந்தக் கைதான், அதை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது என்று தெரியவில்லை என்று ஒருமுறை சொன்னான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தானாக வந்தது. மதராஸில் நடக்கும் பெரிய போட்டிக்குத் தீவிலிருந்து ஓர் அணி அனுப்புவதாகவும், அதில் இவனும் போவதாகவும் முடிவானது. அரையிறுதி வரை வந்தால்கூடப் போதும், துறைமுகத்தில் பர்மனன்ட் வேலையும் ஓர் அறை கொண்ட குவார்ட்டர்ஸும் தருவதாக சாகிப் சொன்னார். தினக்கூலிக்கு இது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். நிபந்தனை ஒன்றுதான். அவன் ஏறும் பிரிவுக்கு ஐம்பத்தேழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. போட்டி அன்று காலையில் நிறுப்பார்கள். கூடுதலாக இருந்தால் வெளியே.

அன்றைக்கு அவன் குடியை நிறுத்தினான். மனிதனை நிறுக்கிற தராசு ஆஸ்பத்திரியில்தான் உண்டு. அங்கே தினமும் போய் நின்றால் விரட்டுவார்கள். நான் இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு என்று நானே மார்தட்டிக்கொண்டு சொன்னேன். விருதுநகர்த் தராசுக்காரன் மகன் சொல்கிற எடையை மதராஸ்காரன் மறுக்க முடியாது என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

மூன்று மாதம் இது நடந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசிப் படகுச் சரக்கு இறங்கியதும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தராசுப் பலகை மேல் ஏறி நிற்பான். நான் தராசுத் தண்டில் எடைக் குண்டை நகர்த்துவேன். "கித்னா பாபு?" என்று கேட்பான், எவ்வளவு என்று. அங்கே குமாஸ்தாக்கள் எல்லோரும் பாபுதான். எடையைச் சொல்லி, கொட்டகைத் தூணில் சாக்பீஸால் எழுதுவேன். அறுபதில் ஆரம்பித்தது. அவன் பெண்டாட்டி மீன் சாற்றையும் வேகவைத்த பப்பாளிக் காயையும் போட்டே அவனை வளர்த்தாள். சோறு கண்ணில் காட்டவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்குப் போனாலும் எனக்கு அவன் எடை பற்றித்தான் பேச்சு. நம்ம பிள்ளை எத்தனை கிலோன்னு கேட்டா இந்த மனுஷனுக்குத் தெரியாது என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

கப்பலேறும் நாளன்று தூணில் ஐம்பத்தாறரை எழுதினேன். அரை கிலோ கையிருப்போடு போ, கப்பலில் பயப்படாமல் தண்ணீர் குடி என்று சொல்லி அனுப்பினேன். அவன் குனிந்து தராசின் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தோற்றுவிட்டான் என்று ஆபீசுக்குத் தந்தி வந்தது. விவரம் கப்பலோடுதான் வரும். இருபது நாளுக்குப் பிறகு சங்கு ஊதி, வழக்கம்போல் ஊரே துறைக்குப் போனது. அணியோடு போன அதிகாரி முதலில் இறங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். கப்பல் தாமதமாகி, போட்டி அன்று காலையில்தான் மதராஸ் போய்ச் சேர்ந்தார்களாம். நிறுத்தால் இவன் ஐம்பத்தெட்டு. ஒரு கிலோ அதிகம். இரண்டு மணி நேரம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடி, தலையை மொட்டையடித்து, எச்சில் துப்பித் துப்பி, கடைசி நிமிஷத்தில் ஐம்பத்தேழுக்கு வந்தானாம். மாலையில் சண்டை. முதல் சுற்றில் எதிராளியை இரண்டு தடவை கீழே தள்ளியிருக்கிறான். இரண்டாவது சுற்றில் உடம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கால் மடிந்து விட்டதாம். இடது கண்ணில் வாங்கிய குத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கிளம்பும்போது ஐம்பத்தாறரை, இறங்கும்போது ஐம்பத்தெட்டு. நாலு நாள் கப்பலில் குடித்தும் தின்றும் ஒன்றரை கிலோ ஏற்றிக்கொண்டான் என்று அதிகாரி சொன்னார். கூட்டம் நம்பியது.

மொட்டைத் தலையும் மூடிய கண்ணுமாக அவன் இறங்கி வந்தான். மறுநாள் கொட்டகைக்கு வந்தபோது நான் பிடித்துக்கொண்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நாற்பது பேர் நிற்கிறார்கள். மூன்று மாதம் உனக்காகத் தராசோடு நின்றேன், நாலு நாள் உன்னால் வாயைக் கட்ட முடியவில்லையா, குடிகாரனை நம்பினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றெல்லாம் கத்தினேன். அவன் திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தான். பிறகு தராசைப் பார்த்தான்.

"ஆமா பாபு. கப்பல்ல தின்னுட்டேன்" என்றான்.

சாகிப் கூப்பிட்டு விசாரித்தபோதும் அதையேதான் சொன்னானாம். குடித்தாயா என்றதற்கும் ஆமாம் என்றானாம். ஃபைலில் எழுதிவிட்டார்கள். பர்மனன்ட் வேலை போயிற்று, குவார்ட்டர்ஸ் போயிற்று. அவன் மறுபடியும் மூட்டை தூக்கினான்.

அந்த மாதக் கடைசியில் எனக்கு பர்மனன்ட் ஆர்டர் வந்தது. வங்காளி கடையில் ரசகுல்லா வாங்கி வந்து கொட்டகை முழுக்கக் கொடுத்தேன். அவனோடு நான் பேசுவதில்லை, இருந்தாலும் அவனுக்கும் நீட்டினேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இனிமேல் எடை பார்க்க ஆளில்லையே, இன்னொன்று கொடுங்கள் பாபு என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நிஜமாகவே குடித்தான். ஆறு மாதம் பாராடாங் தீவுப் பக்கம் மரம் வெட்டும் வேலைக்குப் போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. கயிற்றுக்குள் இரண்டு தடவை ஏறிப் பார்த்து, அந்தப் பக்கத்திலிருந்து வரும் குத்து தெரியாமல், தானே இறங்கிவிட்டான். சும்மா இருக்கும் சாயங்காலங்களில் மட்டும் எப்போதாவது வந்து தராசில் ஏறி நின்று, கித்னா பாபு என்பான். கோபம் ஆறிப்போன நானும் குண்டை நகர்த்தி ஏதோ ஓர் எடையைச் சொல்வேன்.

இரண்டு வருஷம் கழித்து எடை ஆய்வாளர் ஒருவர் முத்திரை போட்ட இரும்புக் கற்களோடு வந்தார். காலை நேரம், சாக்கு வைத்து எடுத்தாகிவிட்டது. இருபது கிலோ கல்லைத் தூக்கி வைத்தார். தராசு பதினெட்டு காட்டியது. அவர் முகம் மாறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஒன்றும் இல்லை சார், எங்கள் தராசில் சாக்கு முன்கூட்டியே கழிந்துவிடும், வெறுமனே எதை வைத்தாலும் இரண்டு கிலோ குறைத்துத்தான் காட்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

வெறுமனே எதை வைத்தாலும். நான் அவனைச் சட்டைகூட இல்லாமல் அல்லவா நிறுத்தேன்?

ஆய்வாளர் என்னென்னவோ கேட்டு, சாக்கு வழக்கத்தைக் குறித்துக்கொண்டு போனார். தூணைப் பார்த்தேன். மழையில் எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்திருந்தது. அன்று சாயங்காலம் பார்த்து அவன் வந்து தராசில் ஏறினான். நான் இரண்டு கிலோவைச் சேர்த்துச் சொன்னேன். ஒரே வாரத்தில் இரண்டு கிலோவா என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். கேலி செய்கிறான் என்று நினைத்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று தெரிந்தும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், ஒரு நாளா இரண்டு நாளா, ஆறு வருஷம். தராசு தப்பு என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி. நாற்பது பேர் முன்னால் கத்தினவன் என்ற வெட்கம் பாதி. அவனுக்கு மட்டும் வேண்டாத உபகாரமெல்லாம் செய்தேன். மழை நாளில் கனமில்லாத மூட்டையாகப் பார்த்துக் கொடுப்பது, அவன் வராத நாளில் வந்ததாகச் சொல்வது. என் மனைவி, நேற்றுவரை குடிகாரன், இன்றைக்கு எப்படித் தம்பி ஆனான் என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

எழுபதுகளில், பல வருஷம் வேலை செய்த தினக்கூலிகளை பர்மனன்ட் ஆக்கும் பட்டியல் ஒன்று தயாரானது. பிரதி எடுக்க என் மேஜைக்கு வந்தது. அவன் பெயர் எழுதி அடிக்கப்பட்டிருந்தது. பழைய ஃபைலில், தீவு அணியின் பெயரைக் கெடுத்த குடிகாரன் என்ற வரி இருந்ததால். இந்தப் பட்டியல் போய்விட்டால் இன்னொன்று வராது. நான் பேசினால் அவனுக்கு வேலை. பேசாவிட்டால் கண் போனவன் சாகும்வரை மூட்டை தூக்குவான். அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு நேராக அவன் குடிசைக்கு நடந்தேன்.

அன்று படகு வரவில்லை, அவனுக்கு வேலையில்லாத மத்தியானம். அவன் வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். சாக்கு, திருகு, இரண்டு கிலோ, ஆய்வாளர், ஆறு வருஷம். அவன் வலையைக் கீழே வைக்கவே இல்லை.

"தெரியும் பாபு" என்றான். "மதராஸ்ல தராசு மேல ஏறி நின்னதுமே சாக்கு ஞாபகம் வந்துருச்சு. தினம் காலைல அதைக் கடல்ல முக்கி எடுத்துப் போட்டது நான்தானே? எனக்கே தோணலையே, ஒங்களைச் சொல்லி என்ன?"

ஆமாம். காலையில் சாக்கு போடுகிற வேலை அவனுடையது. அவன் போடுவான், நான் திருகுவேன். தொண்ணூறு நாள் காலையில் அதைச் செய்துவிட்டு, தொண்ணூறு நாள் சாயங்காலம் அதே தராசில் அவன் ஏறி நின்றிருக்கிறான், நான் நிறுத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா எடை போட்டது யாருன்னு கேப்பாங்க. அடுத்த கப்பல்ல ஒங்களை ஏத்திருப்பாங்க, கைக்கொழந்தையோட. எனக்கு மூட்டையாச்சும் தூக்கத் தெரியும். ஒங்க ஒடம்புக்கு ஒரு மூட்டை தாங்குமா பாபு?" சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நான் அந்த வாசலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன், சத்தம் போட்டு அழுதேன். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அவன் பெண்டாட்டி ஈரக் கையோடு வந்து நின்றாள். அவளுக்கும் இது தெரியாது. எட்டு வருஷமாக அவளும் அவனை அந்தக் கப்பல் தீனிக்காகத் திட்டிக்கொண்டிருந்தவள்தான். கையை முந்தானையில் துடைத்தபடி அவனைப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"அண்ணே, ஒங்க வாயால ஆபீஸ்ல சொல்லுங்க. இவரு சொல்ல மாட்டாரு. நாளைக்கே சொல்லுங்க."

மறுநாள் சொன்னேன். பழைய சாகிப் மாற்றலாகி, புதிதாக ஒரு பஞ்சாபி வந்திருந்தார். எழுதியே கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தார். சாக்கு விஷயம் அவருக்குப் புரியவில்லை. கொட்டகைக்கே கூட்டி வந்து, சாக்கை நனைத்துப் போட்டு, அவரைத் தராசில் ஏற்றிக் காட்டினேன். தன்னுடைய எடை குறைந்ததைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு புரிந்தது. ஐந்து நிமிஷம் என்னைத் திட்டினார், ஹிந்தியிலும் பஞ்சாபியிலும். திட்டிவிட்டு, மேஜைக்குப் போய் அடித்த பெயரைத் தன் கையாலேயே மறுபடி எழுதினார். ஆறு வருஷம் நான் பயந்தது இந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான். அந்த மனிதருக்கும் என் கும்பிடு.

அவன் பர்மனன்ட் ஆனான். ஓர் அறைக் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. அன்றோடு குடியை விட்டான் என்று எழுத ஆசைதான். விடவில்லை, குறைத்தான். ஆகஸ்ட் பதினைந்தில் கயிற்றுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நல்ல கண்ணால் பார்த்துப் புள்ளி போடுவான். நான் அவனைத் திட்டியதுபோலவே, நாற்பது பேர் முன்னால், கொட்டகையில் நின்று நடந்ததைச் சொன்னேன். அன்று நான் கத்தியதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் மாறிப் போயிருந்தார்கள். கிரேன்காரன் இருந்தான். அவன்தான் முதலில் எழுந்துபோய் இவனுக்கு ஒரு பீடி கொடுத்தான்.

பிறகு எனக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாள் என் பெட்டிகளை அவனே தூக்கி வந்து கொட்டகையில் வைத்தான். வைத்துவிட்டு, திருகைத் திருகி முள்ளை வெறும் பலகைக்கு நேராக்கினான். ஏறுங்க பாபு என்றான். ஏறினேன். முதன்முறையாக அவன் குண்டை நகர்த்தினான், நான் கித்னா என்று கேட்டேன். "அறுபத்திமூணு. சாக்கு இல்லாம" என்றான். கப்பல் சங்கு ஊதிவிட்டது.

நாலு நாள் கடல். அந்தக் கப்பலில் போனவர்களுக்குத் தெரியும். இரண்டாம் நாளிலிருந்து என் மனைவி, பிள்ளைகள், நான், மேல்தளத்தில் இருந்தவர், கீழே இருந்தவர், அத்தனை பேரும் வாளியும் கையுமாகக் கிடந்தோம். சோற்று வாடை வந்தாலே குமட்டியது. எழும்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, காசு போட்டால் அட்டை தரும் எடை மிஷின் ஒன்று கண்ணில் பட்டது. பழக்க தோஷம், ஏறினேன். அட்டையில் அறுபத்தொன்று.

கையில் அட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். நாலு நாளில் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. அந்தக் கப்பலில் யாருக்கும் குறையத்தான் செய்யும். என் தராசு காட்டிய ஐம்பத்தாறரையோடு சாக்கைச் சேர்த்தால் ஐம்பத்தெட்டரை. மதராஸில் நிறுத்தது ஐம்பத்தெட்டு. அவனும் அரை கிலோ இளைத்துத்தான் போய் இறங்கியிருக்கிறான். போர்ட் பிளேரில் அன்று துறையில் நின்ற கூட்டத்தில் அந்தக் கப்பலில் குடலைக் கக்காமல் வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? நாலு நாளில் ஒருத்தன் அதில் தின்று கொழுத்தான் என்று சொன்னபோது ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? எனக்கு வந்திருக்க வேண்டாமா? யாரும் நம்ப முடியாத ஒரு பொய்யைத்தான் அவன் எனக்காகச் சொல்லியிருக்கிறான். குடிகாரன் என்பதால் எல்லோரும் நம்பினோம். முதலில் நம்பியவன் நான்.

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், சார் எறங்குறீங்களா என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.